சின்னத்திரையில் நளின ஆடவர்: நகையா, எள்ளலா?

(தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், லோபாக்)

நகைச்சுவை வேண்டா என்பார் தமிழருள் எவரும் இலர். எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியனார் நகையையே முதற்கண் வைத்தார். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் மாலையில் சற்றே சிரிக்க விழைவது குற்றமும் அன்று. பால்மரம் சீவிய நம் பாட்டன்மார் கூத்தையும் திரைப்படத்தையும் நாடினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியை நாடுகின்றனர். 1996இல் அஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர், சென்னையில் எடுக்கப்படும் நகைச்சுவை நிகழ்ச்சிகள் நம் நெகிரி செம்பிலான் தோட்டத்து வீடுகளுக்கும் நாள்தோறும் வந்து சேர்கின்றன.

அந்நிகழ்ச்சிகளில் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வருகின்றது. அவன் ஆடவன், இடுப்பை ஒடித்து நடக்கின்றான், மணிக்கட்டை மடித்துப் பேசுகின்றான், குரலை இழுக்கின்றான், பிற ஆடவரைக் கண்டால் நாணிக் கோணுகின்றான். அவன் வாய் திறக்கு முன்னரே அரங்கு சிரிக்கத் தொடங்கிவிடுகின்றது. இவ்வுருவம் நம்மை மகிழ்விக்கின்றதா, அன்றி ஒருசார் மக்கள்மீது எளிதில் அழியாத முத்திரையைக் குத்துகின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் இரண்டிலொன்றைத் தேர்ந்து வாதிடுவர். "வெறும் வேடிக்கை, விட்டுவிடுங்கள்" என்பார் ஒரு சாரார். "வேடிக்கையே கூடாது" என்பார் மற்றொரு சாரார். உண்மையில் இரண்டும் ஒருங்கே நிகழக்கூடும். மகிழ்ச்சியோடு கற்ற பாடம் நெஞ்சில் ஆழப் பதியும் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். முத்திரையும் அவ்வாறே, சிரித்துக்கொண்டு ஏற்ற முத்திரை எளிதில் அழியாது. ஆதலின், சிரிப்பு வந்ததா என்று கேட்பது போதாது. அது எதனால் வந்தது, எவர்மேல் சென்றது என்று கேட்டல் வேண்டும்.

நகை பிறக்கும் இடம்

இக்கேள்விக்கு வேண்டிய அளவுகோல் நம் இலக்கணத்திலேயே உள்ளது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் நிலைக்களன்கள் என்று மெய்ப்பாட்டியல் வகுத்துரைக்கின்றது. இவற்றுள் இளமை என்பது குழவியின் மழலை போல்வது. பேதைமையும் மடனும் அறியாமையினின்றும், கேட்டதை ஆராயாது நம்புவதினின்றும் பிறப்பன. எள்ளல் ஒன்றே பிறரை இகழ்வதனால் பிறப்பது. உரையாசிரியர்கள் அதனையும் இரு கூறாக்கி, தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதலும் என விளக்குவர்.

இந்நான்கையும் வைத்துக்கொண்டு நல்ல நகைச்சுவைகளை நோக்குக. பெரும்பாலானவை பேதைமையின்மேலும் மடன்மேலும் நிற்பன. தன்னைப் பெரிய வீரன் என்று கருதும் கோழை, தன்னைப் புலவன் என்று எண்ணும் அறிவிலி, சொன்னதை எல்லாம் நம்பும் வெள்ளை உள்ளத்தான் ஆகிய இவர்களைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். அவர்கள் செய்த செயலே நகைப்புக்குக் காரணம். அச்செயலை விட்டால் நகைப்பும் நீங்கும். நளின ஆடவனைக் கண்டு சிரிக்கும் சிரிப்போ செயலை நோக்கி எழுவதன்று. அவன் பேதைமை ஒன்றும் செய்யவில்லை. நடந்து வந்தான், அவ்வளவே. அவனுடைய இயல்பே ஈண்டு நகைப்பொருளாக்கப்படுகின்றது. செயலை விடலாம், இயல்பை எங்ஙனம் விடுவது?

பெண்வேடம் கலையாக இருந்த காலம்

"ஆண் பெண்போல் நடிப்பது தமிழருக்குப் புதிதா?" என்று சிலர் வினவுவர். புதிதன்று, மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் 'பேடு' என்பதும் ஒன்று. காமன் பேடி உருவங்கொண்டு ஆடிய ஆடல் அஃது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத் தெருவில் அப்பேடிக் கோலத்தைக் கண்டு நிற்போரைச் சாத்தனார் காட்டுகின்றார். ஆகவே நம் முன்னோர் இக்கோலத்தை மேடையேற்றினர், கண்டு களித்தனர் என்பதில் ஐயமில்லை.

விராட பருவத்துக் கதை இதற்கு இன்னும் தெளிவான சான்று. அருச்சுனன் பிருகன்னளை என்னும் பெயருடன், பேடி வடிவில், விராடன் அரண்மனையில் ஆடல் கற்பிக்கின்றான். கௌரவர் சேனை ஆநிரை கவர வந்தபோது, இளவரசன் உத்தரன் மகளிர் நடுவே வீரம் பேசுகின்றான். தேர்ப்பாகன் ஒருவன் கிடைத்தால் போதும், பகைவரைப் பொடியாக்குவேன் என்கின்றான். பாகனாகச் செல்லப் பிருகன்னளை இசைகின்றாள். சேனையைக் கண்டதும் உத்தரன் நடுங்கித் தேரினின்று குதித்து ஓடுகின்றான். பிருகன்னளை அவனைத் துரத்திப் பிடித்து, தேரில் ஏற்றி, அவன் கையில் குதிரைக் கயிற்றைக் கொடுத்துத் தானே வில்லேந்துகின்றாள்.

இக்கதையில் நகைப்பு நிரம்ப உண்டு. அஃது எவர்மேல் செல்கின்றது என்று பாருங்கள். மீசை முறுக்கிய உத்தரன்மேல் செல்கின்றது. பின்னல் தொங்க நிற்கும் பிருகன்னளைமேல் செல்லவில்லை. ஆண்மை என்பது தோற்றத்தில் இருக்கின்றது என்று எண்ணுவாரை நோக்கி அக்கதை சிரிக்கின்றது. இன்றைய சின்னத்திரை இதே காட்சியை எடுத்தால், உத்தரனை விட்டுவிட்டுப் பிருகன்னளையின் நடையை மட்டும் காட்டிச் சிரிக்க வைக்கும் என்றே அஞ்ச வேண்டியுள்ளது.

மேடை வரலாற்றையும் சற்று நோக்குவோம். 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் ஆடவரே பெண்பாத்திரங்களை ஏற்றனர். பம்மல் சம்பந்த முதலியாருடன் கதாநாயகியாக நடித்த ரங்கவடிவேலுவைப் பற்றி அவர் தம் நினைவுக் குறிப்புகளில் உள்ளம் உருகி எழுதியுள்ளார். சங்கரதாச சுவாமிகளின் வழிவந்த பாலர் நாடகக் குழுக்களில் 'ஸ்திரீபார்ட்' என்பது தனிப் பயிற்சி வேண்டிய பெரும்பணி. சிவாஜி கணேசன் இளமையில் இத்தகைய குழுவில் பெண்வேடம் தாங்கியவரே. டி.கே. சண்முகம் முதுமகளாகிய ஔவையாராக மேடையில் தோன்றி நடித்த சிறப்பினால் 'ஔவை' என்பதே அவர் பெயரின் முன்னொட்டாயிற்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தில், ரதியாக வேடமிட்ட ஆடவர் புலம்புங்கால், கண்டு நிற்போர் கண்ணீர் விடுவர். ஆடவர் பெண்ணுடை உடுத்தினர் என்பதற்காக அங்கே எவரும் சிரிப்பதில்லை.

கேலியாக மாறியது எவ்வாறு?

பின்னர் நிகழ்ந்த மாற்றம் எளிதில் விளங்கக் கூடியது. மகளிர் மேடைக்கும் திரைக்கும் வந்தனர். அது மிக நல்லதே. ஆனால் அதன்பின் ஆடவர் பெண்வேடம் தாங்க வேண்டிய இன்றியமையாமை நீங்கியது. தேவை நீங்கிய வேடம் மறையவில்லை. நகைச்சுவைப் பகுதியில் மட்டும் தங்கிவிட்டது. பயிற்சியும் பாத்திரமும் போயின. சேலையும் நடையும் எஞ்சின. முன்னாளில் ஆடவன் பெண்ணாகவே தோன்றுவது திறமை எனப்பட்டது. பின்னாளில் ஆடவன் பெண்ணாகத் தோன்ற முயன்று தோல்வியுறுவதே வேடிக்கை எனப்பட்டது.

இதற்கு விலக்குகளும் உண்டு. 1996இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' டி.கே. சண்முகத்தை நினைவூட்டும் பெயர் பூண்ட படம். கமலஹாசன் அதில் முதுபெண்ணாக வருகின்றார். அப்படத்தின் சிரிப்பு, மாறுவேடம் வெளிப்பட்டுவிடுமோ என்ற நெருக்கடியினின்றும் பிறக்கின்றது. சண்முகியோ வீட்டை ஆளும் அறிவும் அன்பும் உடைய பாத்திரம். நடையை நீக்கினாலும் கதை நிற்கும். இவ்வகை வேடத்தையும், நடை ஒன்றையே நம்பி நிற்கும் வேடத்தையும் ஒன்றாக எண்ணுதல் திறனாய்வாகாது.

மூன்றை ஒன்றாக்கும் பிழை

சின்னத்திரையும் பெருந்திரையும் செய்யும் முதற்பிழை, வெவ்வேறான மூன்றை ஒன்றாக்குவது. நாடகத்திற்காகப் பெண்ணுடை உடுத்தும் நடிகர் ஒருவர். அவர் வேடத்தைக் கலைத்தால் பழைய ஆடவரே. ஆணுடலோடு பிறந்து தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வாழும் திருநங்கை மற்றொருவர். அவருக்கு அது வேடமன்று, வாழ்வு. ஆடவராகவே வாழ்ந்து, ஆடவர்பால் ஈர்ப்புக் கொள்ளும் தன்பாலீர்ப்பினர் இன்னொருவர். அவருள் நளினமாக நடப்பாரும் உண்டு, மிடுக்காக நடப்பாரும் உண்டு. இவர்களேயன்றி, இம்மூவகையிலும் சேராமல், இயல்பிலேயே மென்மையாக நடக்கும் ஆடவரும் உலகில் பலர்.

நகைச்சுவைத் துணுக்கோ இவர் அனைவரையும் ஒரே பொம்மையாக்கி, ஒரே குரலைக் கொடுத்துவிடுகின்றது. பார்ப்போர், மென்மையாக நடப்பவன் எல்லாம் இன்னான் என்றும், இன்னான் எல்லாம் மென்மையாக நடப்பான் என்றும் இரு தவறுகளை ஒருங்கே கற்றுக்கொள்கின்றனர்.

தமிழகத்தில் சொல்லளவிலேனும் திருத்தம் நிகழ்ந்துள்ளது. இழிசொற்களுக்கு மாற்றாகத் 'திருநங்கை' என்னும் சொல் அரசின் வழக்கிலும் மக்கள் வழக்கிலும் நிலைபெற்றது. 2008இல் திருநங்கையர்க்கென நலவாரியமும் அமைந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, சென்னை உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலையொட்டி, இம்மக்களைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல் திருந்தியது, துணுக்குகள் அவ்வேகத்தில் திருந்தவில்லை.

சின்னத்திரையின் அவசரம்

இவ்வுருவம் தொலைக்காட்சியில் இத்துணை மிகுதியாக வருவதன் காரணம் நடிகரின் தீய எண்ணமன்று. அந்நிகழ்ச்சிகளின் அமைப்பே அதற்கு முதற்காரணம். விஜய் தொலைக்காட்சியின் 'கலக்கப்போவது யாரு', 'அது இது எது' போன்ற நிகழ்ச்சிகளில் ஒரு குழுவிற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பின்னதில் 'சிரிச்சா போச்சு' என்றொரு பகுதி உண்டு. எதிரே அமர்ந்தவர் சிரித்துவிட்டால் தோற்றார். அச்சில நிமிடங்களில் ஒரு பாத்திரத்தைப் படைத்து, அதன் குணத்தை வளர்த்து, அதனின்றும் நகையை எழுப்ப நேரமில்லை. கண்டவுடன் சிரிப்பு வர வேண்டும். ஆகவே குடிகாரன், கஞ்சன், பருத்த பெண், நளின ஆடவன் என முன்னரே சமைத்து வைத்த உருவங்கள் மேடைக்கு வருகின்றன. ஆடவருக்குச் சேலை கட்டிவிடுவது இவற்றுள் மிக மலிவான வழி.

அதன்மேல் ஒலிப்பதிவு வேறு. நளின ஆடவன் நுழையும்போது ஒரு தனி இசை. அவன் கண்ணடித்தால் ஒரு மணியோசை. உடனே நடுவர் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் முகம். எங்கே சிரிக்க வேண்டும் என்பதை நமக்குக் கற்பிக்கும் பாடத்திட்டம் இது. மேடையில் ஒருமுறை நிகழ்ந்து மறைந்த கூத்தைப் போன்றதும் அன்று. துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுக் கைப்பேசியில் நூறுமுறை வருகின்றது. பிள்ளைகள் வசனத்தோடு நடையையும் மனப்பாடம் செய்துவிடுகின்றனர்.

நிகழ்ச்சியின் பெயராகிய 'அது இது எது' என்பதில் மூன்றும் அஃறிணைச் சொற்கள். அது தற்செயலே, நிகழ்ச்சியார்மேல் குற்றமில்லை. ஆயினும் நளின ஆடவனைச் சுட்டும்போது துணுக்குகளில் "இது என்ன இது?" என்று கேட்கும் வழக்கம் தற்செயலன்று. இதனைப் பின்னரும் காண்போம்.

மறுதரப்பாரின் வாதம்

இனி மறுதரப்பாரையும் நேர்மையுடன் கேட்டல் வேண்டும். அவர் கூறுவன மூன்று.

முதலாவது, இவ்வேடமிடுவோருள் பலர் திறமை மிக்க கலைஞர். அவர் பிழைப்பைக் கெடுத்தல் தகாது என்பது. இதில் உண்மை உண்டு. நல்ல நடிகர் நளினத்தையும் நுட்பமாகச் செய்வர். அத்திறத்தை எவரும் தடுக்க வேண்டுவதில்லை. அத்திறத்திற்கு ஏற்ற பாத்திரம் எழுதப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இரண்டாவது, அம்மக்களே தம்மைத் தாம் கேலி செய்து சிரிக்கின்றனரே, நாம் சிரித்தால் என்ன என்பது. உரையாசிரியர் வகுத்த இருகூறு இங்கே பயன்படுகின்றது. ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் வேடிக்கையில், சொல்லுக்கு உரிமையாளர் அவரே. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதும் அவர் கையில். பிறர் அவரைப் பற்றிச் சொல்லும்போது அவ்வுரிமை அவர் கையை விட்டுப் போகின்றது. ஏழை தன் கிழிந்த சட்டையைக் காட்டிச் சிரிப்பதும், செல்வன் அதனைக் காட்டிச் சிரிப்பதும் ஒன்றாகா. ஆனால் அச்சமூகத்தார் ஒருவர் நடித்துவிட்டால் மட்டுமே பாத்திரம் தூய்மையாகிவிடும் என்றும் கொள்ளலாகாது. ஷங்கரின் 'ஐ' (2015) படத்தில் ஒப்பனைக் கலைஞர் பாத்திரத்தை ஏற்றவர் ஓஜாஸ் ரஜனி என்னும் திருநங்கையே. எனினும் அப்பாத்திரம் கேலிக்கும் அருவருப்புக்கும் உரியதாக எழுதப்பட்டிருந்தமையால், சென்னையில் திருநங்கையர் தணிக்கை அலுவலகத்தின் முன் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். எழுதிய கையே பொருட்படுவது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, திரையில் இல்லாமலே போவதைவிடக் கேலியாகவேனும் வருவது மேலன்றோ என்பது. இவ்வாதம் வலுவுடையது, மேலைநாட்டிலும் எழுந்தது. இங்கிலாந்தில் பிபிசி 1972 முதல் 1985 வரை ஒளிபரப்பிய துணிக்கடை நகைச்சுவைத் தொடர் ஒன்றில், ஜான் இன்மன் என்பார் நளினமான விற்பனையாளராக நடித்து மக்களின் அன்பைப் பெற்றார். தன்பாலீர்ப்பினர் உரிமைக்கெனப் போராடியோருள் சிலர், தம்மினத்தாரை இவர் பொம்மையாக்கினார் என்று அவரை எதிர்த்தனர். வேறு சிலரோ, வீட்டுக்கு வீடு விரும்பப்பட்ட முதல் உருவம் அதுவே என்று பாராட்டினர். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய 'வில் அண்டு கிரேஸ்' தொடர் இச்சிக்கலுக்கு ஒரு விடை கண்டது. அதில் தன்பாலீர்ப்பினர் இருவர். ஒருவர் மிகு நளினமும் ஆரவாரமும் உடையவர், மற்றவர் அமைதியான வழக்கறிஞர். இருவரையும் அருகருகே கண்டவர், நளினம் என்பது ஒருவரின் குணமே, ஓர் இனத்தின் அடையாளமன்று என்பதை உணர்ந்தனர். மக்கள் மனமாற்றத்திற்கு அத்தொடர் பெரிதும் உதவியது என்று, அப்போது துணையதிபராக இருந்த ஜோ பைடன் 2012இல் கூறினார்.

ஆகவே இவ்வாதத்திற்கு நாம் கூறும் மறுமொழி இது: ஒன்றே ஒன்று காட்டப்படும்போது அது முத்திரையாகும்; பல காட்டப்படும்போது அது மனிதராகும்.

தமிழிலும் அத்தகைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2008இல் விஜய் தொலைக்காட்சி 'இப்படிக்கு ரோஸ்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. ரோஸ் என்னும் திருநங்கை அதனை நடத்தினார். அவரைக் காட்டிச் சிரிக்க வைக்கவில்லை. அவர் கேள்வி கேட்டார், பிறர் விடை கூறினர். துணுக்குகளில் அவரைப் போன்றாரை நகைப்பொருளாகவே கண்டுவந்த கண்கள், இங்கே அறிவோடு உரையாடும் ஒருவரைக் கண்டன. வெங்கட் பிரபுவின் 'கோவா' (2010) படத்தில் சம்பத்தும் அரவிந்த் ஆகாசும் ஏற்ற ஆடவர் இணை நகைச்சுவைக்கெனவே வருவது. ஆயினும் அவர்களுக்கு அன்பும் ஊடலும் பொறாமையும் உண்டு. எவரும் காதலில் செய்யும் பேதைமையையே அவர்களும் செய்கின்றனர்; அதனால் சிரிக்கின்றோம். எள்ளலினின்றும் பேதைமைக்கு நகை இடம் மாறியதை இங்குக் காணலாம்.

நம்மைப் பிறர் எள்ளியபோது

மலேசியத் தமிழராகிய நமக்கு இச்சிக்கல் அயலானதன்று. 1977 முதல் 1979 வரை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'மைண்டு யுவர் லேங்குவேஜ்' என்றொரு தொடர் வந்தது. நம் நாட்டிலும் பலர் அதனைப் பார்த்துச் சிரித்தனர். ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டார் நிறைந்த வகுப்பறை அதன் களம். தலையை ஆட்டும் சீக்கியர், சொல்லைத் தவறாகப் பொருள் கொள்ளும் பாகிஸ்தானியர், பின்னல் ஊசியோடு அமர்ந்திருக்கும் இந்தியப் பெண் எல்லாரும் அங்கிருந்தனர். சிரிக்கத்தான் சிரித்தோம். ஆனால் பிற இனத்தார் நடுவே நம்மவர் ஒருவர் எழுந்து பேசும்போது, அவர் கருத்தைக் கேளாமல் அதே தலையாட்டலையும் அதே உச்சரிப்பையும் செய்து காட்டினால், நம் முகம் சுருங்குமா, சுருங்காதா? 'வேடிக்கைதானே' என்று அப்போது நாம் சொல்வதில்லை.

தலையாட்டுவது இழிவன்று, நளினமாக நடப்பதும் இழிவன்று. ஒருவரிடத்தில் அதனையன்றி வேறொன்றையும் காண மறுப்பதே இழிவு. நமக்கு வலித்த இடம் எது என்று அறிந்தால், பிறருக்கு வலிக்கும் இடமும் புலப்படும்.

வகுப்பறைக்கு வரும் சிரிப்பு

இஃது ஏதோ கலையாராய்ச்சி, நமக்கென்ன என்று தமிழாசிரியர் எவரும் விலகியிருத்தல் இயலாது. ஏனெனில் இச்சிரிப்பு மறுநாட் காலை நம் வகுப்பறைக்கு வந்துவிடுகின்றது.

ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னால் வகுப்பில் எங்கோ ஒரு களுக்கென்ற சிரிப்பு எழும். பெயர்ப்பட்டியலில் ஒன்பதாம் எண் பெற்ற பையன் தலைகுனிவான். ஓர் எண்ணையே வசையாக்கிய பெருமை நம் திரைத் துணுக்குகளுக்குப் பெரும்பங்கு உரியது. அத்தோடு மலாய் வழக்கிலிருந்து வந்த 'பொண்டான்' என்னும் சொல்லும் சேர்ந்துகொள்ளும். பந்து விளையாடாமல் ஓவியம் வரையும் பையன், மெல்லிய குரலில் செய்யுள் ஒப்புவிக்கும் பையன், சிறுமிகளோடு அமர்ந்து கதைபேசும் பையன் ஆகியோர் அனைவரும் இவ்வலையில் வீழ்வர். அவருள் எவர் வளர்ந்து என்னவாவார் என்பது எவருக்கும் தெரியாது. தெரிய வேண்டுவதும் இல்லை. அவர் குழந்தைகள், அவ்வளவே நமக்குப் போதுமானது. அத்தகைய பையன் முதலில் வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்துவான்; பின்னர் மேடையேறுவதை நிறுத்துவான்; இறுதியில் பள்ளிக்கு வருவதையே நிறுத்த விழைவான். நல்ல குரல்வளம் உடைய பிள்ளைகள் பேச்சுப் போட்டிக்கு வர மறுப்பதன் காரணத்தை ஆராய்ந்த ஆசிரியர் பலர் இதனை அறிவர்.

2017 ஜூன் திங்களில் பினாங்கில் பதினெட்டு அகவைத் தமிழ் இளைஞன் ஒருவன் கொடுமையாகத் தாக்கப்பட்டு மருத்துவமனையில் உயிர்நீத்தான். பள்ளிப் பருவத்திலேயே அவனுடைய மென்மையைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தனர் என்று செய்திகள் வெளிவந்தன. நாடே துடித்தது. அக்கொடுமைக்குத் தொலைக்காட்சியைக் காரணமாக்கும் உரிமை நமக்கில்லை. எந்தத் துணுக்கும் எவர் கையிலும் தடியைக் கொடுத்ததில்லை. ஆயினும் ஓர் இளைஞனை வருத்தலாம், அது வேடிக்கையே என்ற எண்ணம் எங்கோ முளைவிட்டிருத்தல் வேண்டும். அம்முளைக்கு நீர் வார்க்கும் செயல் எதனையும் சிறிதென்று தள்ளுதல் ஆகாது.

ஆசிரியர் செய்யத் தக்கது

தடை விதிக்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. தடையால் சுவை வளராது. சுவையை வளர்ப்பது பயிற்சி. பயிற்சி தருவது ஆசிரியர் தொழில்.

மே 16ஆம் நாள் ஆசிரியர் தின விழாவிலும், ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சியிலும் நம் மாணவர் நகைச்சுவைத் துணுக்கு அரங்கேற்றுகின்றனர். அவற்றுட் பல தொலைக்காட்சியின் படிகளே. ஒத்திகையின்போது ஆசிரியர் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். சேலையையும் நடையையும் எடுத்துவிட்டால் இத்துணுக்கில் சிரிப்பு எஞ்சுமா? இப்பாத்திரத்திற்கு ஒரு பெயரும் தொழிலும் விருப்பமும் உண்டா, அன்றி நடை மட்டும்தான் உண்டா? இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மென்மையான பையன் நம்மோடு சேர்ந்து சிரிப்பானா, தலைகுனிவானா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் மேடையேற்றுக. பெண்வேடமும் இருக்கட்டும், நளினமும் இருக்கட்டும். கிடைக்காவிடில் மாணவரையே மாற்றி எழுதச் செய்க. உத்தரன் கதையை நாடகமாக்கினால் சிரிப்புக்கும் குறைவிராது, தமிழுக்கும் குறைவிராது.

இலக்கிய வகுப்பிலும் இதற்கு இடமுண்டு. நம் பழைய நூல்கள் எல்லாம் இம்மக்களை உயர்த்தியே பேசின என்று சொல்லுதல் உண்மையாகாது. வள்ளுவரும் பேடியின் கைவாளைப் பயனற்றதற்கு உவமையாக்கினார். நாலடியார் அப்பிறவியைத் தீவினைப் பயன் என்றது. இவற்றைப் பாடம் நடத்தும் ஆசிரியர் காலத்தின் கருத்து இதுவென்று விளக்கிச் செல்லுதல் கடன். அவ்வுவமையை வகுப்பிலுள்ள ஒருவன்மேல் ஏவும் மாணவனைக் கண்டும் காணாதவர்போல் இருத்தல் கடனன்று.

இறுதியாக ஒன்று. தொல்காப்பியனார் கிளவியாக்கத்தில் திணை வகுக்கும்போது, ஆண்மை திரிந்த பெயரை அஃறிணையிற் சேர்த்தாரில்லை. தெய்வத்தைச் சுட்டும் பெயரோடு ஒருங்கு வைத்து, உயர்திணைக்குரிய ஈறுகளாலேயே அது வழங்கும் என்று விதித்தார். மக்கட் சுட்டே உயர்திணை என்பது அவர் கொள்கை. நடையும் குரலும் அக்கொள்கைக்குள் வரவில்லை. சின்னத்திரைத் துணுக்கு "இது என்ன இது?" என்று கேட்கும்போது செய்வது திணைவழு. மாணவன் திணைவழுப்பட எழுதினால் சிவப்பு மையால் சுழித்துத் திருத்துகின்றோம். சிரித்துக்கொண்டே செய்யப்படும் இவ்வழுவையும் திருத்துதல் தமிழாசிரியர் கடமையே.